சோதனைச் சுமை

லிஃப்ட் பழுதுபார்ப்பவரைக் கட்டிக்கொண்டவளுக்கு ஒன்று மட்டும் நிச்சயம். வீட்டுக்குள் வருகிற எந்தப் பொருளும் சோதனை இல்லாமல் வேலைக்குச் சேராது. புது நாற்காலி வந்தால், மனிதர்கள் உட்காருவதற்கு முன் அதன்மேல் தண்ணீர் நிரப்பிய இரண்டு வாளிகள் உட்காரும். துணி காயப்போடக் கயிறு கட்டினால் அதில் முதலில் தொங்குவது துணி அல்ல, லிஃப்ட்காரரே.

இருபது வருடமாகப் பார்த்துப் பார்த்து அவர் மனைவிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வது அவள் வேலை. அதனால் அவளுடைய தம்பி அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது. செல்லம் பொங்குகிற நேரங்களில் கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவர் ஒருநாள் குடும்பத்தையே சோதனைக்கு எடுப்பார் என்று மட்டும் கண்ணாடிக்காரி எதிர்பார்க்கவில்லை.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ஆரம்பித்தது அது. கை, கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு செய்து பொருத்துகிற படிப்பு, நான்கு வருடம். மகள் வேறு எதையும் கேட்கவில்லை, இதைத்தான் கேட்டாள். இடம் கிடைத்த மகிழ்ச்சியில் மூவரும் கட்டண விவரத்தைப் பார்த்தார்கள். லிஃப்ட்காரரின் சம்பளத்தை மொத்தமாக எடுத்து நீட்டினாலும் துண்டு விழுந்தது.

நல்லவேளையாக அந்தக் கல்லூரியில் ஓர் உதவி நிதி இருந்தது. அது வேலை செய்யும் விதம் கொஞ்சம் வித்தியாசமானது. "இந்தா, இவ்வளவு தருகிறோம்" என்று கல்லூரி தானாகச் சொல்லாது. முதலில் குடும்பத்தைக் கேட்கும்: மாதாமாதம் உங்களால் எவ்வளவு முடியும்? சொல்கிற தொகை நியாயமா என்று சம்பளச் சீட்டையும் வாடகை ரசீதையும் வைத்துப் பார்ப்பார்கள். நியாயம்தான் என்று தோன்றினால், கட்டணத்தில் அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை நிதியிலிருந்து போடுவார்கள். ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் நான்கு வருடத்துக்கும் அதுதான் தொகை.

இதைப் படித்துவிட்டு லிஃப்ட்காரர் முகத்தில் பிரகாசம் வந்துவிட்டது.

"அட, இது அப்படியே லிஃப்ட்தாம்மா!"

"உங்களுக்கு எதுதான் லிஃப்ட் இல்ல?" என்றாள் கண்ணாடிக்காரி.

அவர் அதற்குள் எழுந்து ஒரு நூலை எடுத்துக் கதவுக் கைப்பிடியின் மேலாகப் போட்டு, ஒரு முனையில் டம்ளரையும் மறுமுனையில் கரண்டிக் கட்டையும் கட்டிவிட்டார்.

"எட்டுப் பேர் ஏறுற பெட்டி இது. மோட்டார்தான் இத மொத்தமா தூக்குதுன்னு நினைக்கிறியா?"

"பின்ன யாரு தூக்குறா, நீங்களா?"

"இந்தப் பக்கம் எதிர் எடை தொங்குது பாரு. பெட்டியோட எடை மொத்தமும், ஏறுறவங்க எடைல பாதியும் இதுலயே இருக்கும். அது கீழ இறங்குனா இது மேல போகும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்த மட்டும்தான் மோட்டார் தூக்குது. அதனாலதான் அவ்ளோ பெரிய பெட்டிக்கு இத்துனூண்டு மோட்டார் போதும்."

"அப்ப காலேஜ் எதிர் எடை. நாம இத்துனூண்டு மோட்டார்," என்றாள் மகள்.

"ஆமா. அதுல என்ன வெக்கம்? எவ்ளோ சின்ன மோட்டார்னு சரியா சொல்லணும். கூட்டிச் சொன்னா நாம எரிஞ்சு போவோம். குறைச்சு சொன்னா, இன்னொரு பிள்ளைக்குப் போக வேண்டியத நாம தின்ன மாதிரி ஆயிடும்."

சரியாகச் சொல்வது எப்படி? அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு முடியும் என்று மனசுக்குப் பட்டது. ஆனால் மனசுக்குப் படுவதை அவர் தொழிலில் யாரும் பலகையில் எழுதுவதில்லை. ஒரு லிஃப்டில் இத்தனை கிலோ ஏற்றலாம் என்று எழுத வேண்டுமானால், முதலில் அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாக இரும்புக் கட்டிகளை அடுக்கி, ஓடவிட்டு, நடுவழியில் நிறுத்திப் பார்ப்பார்கள். பிரேக் வழுக்காமல் பிடித்தால் அது தேறிவிட்டது. பிறகு கட்டிகளை இறக்கிவிட்டு, சாதாரணச் சுமையை மட்டும் பலகையில் எழுதுவார்கள். அந்தக் கால் பங்கு சோதனைக்கு மட்டும்; தினசரி ஓட்டத்துக்கு அல்ல.

"மூணுல ஒரு பங்கும், அதுக்கு மேல அதுல காலும் சேர்த்து இந்த மாசம் தனியா எடுத்து வெச்சிருவோம்," என்றார். "மிச்சத்துல குடும்பம் ஓடுதான்னு பார்ப்போம். வெளியிலேருந்து ஒரு காசு உள்ள வரக்கூடாது. சோதனைன்னா சோதனை."

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த கண்ணாடிக்காரியின் தம்பி, விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். அவன் ஒரு ரொட்டிக் கம்பெனியின் வேன் ஓட்டினான். கடை கடையாக ரொட்டி போடுவது அவன் வேலை.

"அத்தான், அவங்க மனுசங்க. இரும்புக் கட்டி இல்ல."

"கட்டி எங்கடா? கட்டிய ஏத்திப் பார்க்கிற பெட்டிடா இவங்க."

"அக்கா, உன்னைய பெட்டிங்கிறாரு, கேட்டுக்கிட்டு சும்மா இருக்க?"

"இருபது வருசத்துல கொஞ்சம் பதவி உயர்வுதான்டா," என்றாள் கண்ணாடிக்காரி. "முன்னெல்லாம் என்னைய பிரேக்குன்னு சொல்லுவாரு."

சம்பள நாளன்று பணத்தைத் தனியே வங்கியில் போட்டார்கள். மிச்சம் கண்ணாடிக்காரியின் சம்பளத்தோடு சேர்ந்து, குளிர்பதனப் பெட்டியின் மேலிருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. வீட்டுச் செலவு எதுவானாலும் அதிலிருந்துதான்.

முதல் பாதி நன்றாகவே ஓடியது. பிறகு மின்கட்டணம் வந்தது, தண்ணீர்க் குழாய் ஒழுகியது, அவருடைய வேலைக்காலணியின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. ஒருநாள் மாலை கண்ணாடிக்காரி டப்பாவைத் திறந்து பார்த்தபோது அடித்தகரம் தெரிந்தது.

சோதனை தோற்றால் என்ன ஆகும்? அவர் தொகையைக் குறைப்பார். குறைத்தால் கல்லூரி 'இது நியாயமில்லை' என்று சொல்லிவிட்டால்? இடம் போய்விடும். மகள் இப்போதே நூலகத்திலிருந்து முழங்கால் மூட்டுப் படங்கள் போட்ட தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். கண்ணாடிக்காரி அதிகம் யோசிக்கவில்லை. மறுநாள் கடை முதலாளியிடம் சம்பள முன்பணம் கேட்டு வாங்கி, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து டப்பாவுக்குள் போட்டாள். ஒரே ஒரு தடவைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் இன்னொரு தடவையும் போட்டாள்.

தம்பியும் அந்த மாதம் அடிக்கடி வந்தான். வரும்போதெல்லாம் வேனில் மிஞ்சியது என்று ரொட்டி கொண்டுவந்தான். சில நாள் முட்டையும் இருந்தது.

"ரொட்டி வேன்ல முட்டை எப்படிடா மிஞ்சும்?"

"வழியில ஒரு கோழி லிஃப்ட் கேட்டுச்சு. ஏத்திக்கிட்டேன். காசு இல்லன்னு இத குடுத்துட்டு இறங்கிப் போயிடுச்சு."

அவள் சிரித்துவிட்டு முட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள். அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. கேட்கிற நிலையிலும் அவள் இல்லை.

மாதக் கடைசியில் லிஃப்ட்காரர் டப்பாவை இறக்கி மேசைமேல் கவிழ்த்தார். சில்லறையும் நோட்டுமாக ஒரு சின்னக் குவியல் விழுந்தது. அவரால் நம்ப முடியவில்லை. கண்ணாடிக்காரிக்கும் ஆச்சரியம்தான். முட்டுக்கொடுக்கிற அளவுக்குத்தான் அவள் போட்டிருந்தாள். மிஞ்சுகிற அளவுக்குப் போட்ட ஞாபகம் இல்லை.

"மிச்சமே இருக்கு!" அவருக்கு வாயெல்லாம் பல். "கூடுதல் சுமையோட ஓடி, மிச்சமும் இருக்கு. எப்படிப்பட்ட குடும்பம்டா இது! என் சர்வீஸ்ல இப்படி ஒரு பெட்டிய நான் பார்த்ததே இல்ல!"

அந்தச் சந்தோஷத்தில்தான், தன் தொழிலில் ஒருநாளும் செய்யாத தப்பை அவர் செய்தார். பலகையில் சாதாரணச் சுமையை எழுதுவதற்குப் பதிலாகச் சோதனைச் சுமையை எழுதிவிட்டார். விண்ணப்பத்தில் "மாதம் எவ்வளவு முடியும்" என்ற இடத்தில், மூன்றில் ஒரு பங்கோடு கால் பங்கையும் சேர்த்து எழுதினார்.

"அப்பா, கூடுதல கழிக்கணும்ல?" என்றாள் மகள்.

"தாங்குதே! தாங்குறத மறைச்சு எழுதுறது பொய். மிச்சம் இன்னொரு பிள்ளைக்குப் போகட்டும்."

கண்ணாடிக்காரி முன்பணத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். காலி டப்பாவை எடுத்துக் கழுவப் போனாள்.

கல்லூரியிலிருந்து பதில் வந்தது. தொகை ஏற்கப்பட்டது, மீதிக் கட்டணம் முழுவதும் நிதியிலிருந்து வரும், வெள்ளிக்கிழமைக்குள் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் இடம் காத்திருப்போருக்குப் போகும். மகள் அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். தம்பி வழக்கமான ரொட்டிக்குப் பதிலாக ஒரு கேக் கொண்டுவந்து, இதுவும் மிஞ்சியதுதான் என்று கூசாமல் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரியும் சிரித்தாள், தன் பங்கு கேக்கை மகளின் தட்டுக்குத் தள்ளினாள். ஒரு மாதத்துக்கு முட்டுக்கொடுத்த முன்பணத்தையே இன்னும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு வருடத்துக்கு எங்கே போய் முன்பணம் கேட்பது?

மறுநாள் கடையில், கட்டைக்குட்டையாக ஒரு சமையல்காரர் கண் பார்க்க வந்தார். ஏதோ விடுதியில் வேலை. கொஞ்ச நாளாக உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே மாதிரி தெரிகிறது என்றார். அவரை உட்காரவைத்து, ஒரு கண்ணை மறைத்து, பலகையை வாசிக்கச் சொன்னாள். மனிதர் கடகடவென்று கடைசி வரி வரைக்கும் வாசித்தார். அவ்வளவு நல்ல பார்வை என்றால் சர்க்கரை ஏன் உப்பாகிறது?

கண்ணாடிக்காரிக்குச் சந்தேகம் வந்தது. விசையைத் தட்டினாள். வெளிச்சப் பலகையில் எழுத்துகள் மாறின.

"இன்னொரு தடவ வாசிங்க."

மனிதர் அதே வேகத்தில் வாசித்தார். ஒரு எழுத்துத் தப்பவில்லை. ஆனால் எல்லாம் பழைய பலகையின் எழுத்துகள்.

"அய்யா, நான் பலகைய மாத்திட்டேன்."

சமையல்காரர் முகத்தில் அசடு வழிந்தது. "எனக்கு முன்னாடி உக்காந்தவரு வாசிச்சத வெளிய உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேம்மா. அப்படியே மனப்பாடம் ஆயிடுச்சு."

"எதுக்குங்க?"

"ஃபெயில் ஆயிட்டா அசிங்கமா இருக்குமேன்னு."

"இது பரீட்சை இல்லங்க," என்றாள் அவள், எப்போதும் சொல்கிற பொறுமையோடு. "நான் மார்க் போட இங்க நிக்கல. எங்க தெரியலன்னு சொன்னாத்தான் எந்த வில்லை போடணும்னு எனக்குத் தெரியும். நீங்க பாஸ் ஆயிட்டா உங்களுக்குத் தப்பான கண்ணாடி கிடைக்கும். அத மாட்டிக்கிட்டு வருசக்கணக்கா நீங்கதான் தடுமாறணும், நானா தடு…"

அங்கேயே நின்றுவிட்டது பேச்சு. கையில் வில்லையோடு அவள் அசையாமல் நின்றாள்.

"என்னம்மா?" என்றார் சமையல்காரர் பயந்துபோய். "ரொம்ப மோசமா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் கண்ணாடிக்காரி. "எனக்குத்தான் இப்ப தெளிவாச்சு."

அன்று மாலை அவள் டீ போட்டு மூவருக்கும் வைத்தாள். தம்பியும் இருந்தான். நின்றபடியே மளமளவென்று சொல்லிவிட்டாள்: டப்பா காலியானது, முன்பணம் வாங்கியது, இரண்டு தடவை போட்டது, எல்லாம்.

"சோதனை தேறல. நான் அடியில நின்னு பெட்டிய தாங்கிக்கிட்டு இருந்தேன்."

லிஃப்ட்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் ஏதாவது சொல்வதற்குள் மகள் மெதுவாகக் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவது மாதிரி.

"அம்மா… அந்த மிச்சம் இருந்துச்சே. அது நான்."

"நீயா?"

"பஸ்ஸுக்குக் குடுத்த காச திரும்ப டப்பாவுலயே போட்டுட்டேன். நடந்தே போனேன், நடந்தே வந்தேன். நீங்க கஷ்டப்படக்கூடாதுன்னு. ஆனா நீ வேற போடுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மாசம் பூரா நடந்தியாடி? மழையிலயுமா?"

"மழையில ஓடினேன்."

இதற்குள் தம்பி சத்தமில்லாமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"நில்லுடா. முட்டை?"

"கடையில வாங்கினதுதான்க்கா." தலையைச் சொறிந்தான். "ரொட்டியும் மிஞ்சினது இல்ல. எங்க கம்பெனில மிஞ்சினா முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோயிடுவாரு. எனக்கு எங்க குடுக்கிறாரு?"

லிஃப்ட்காரர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வருமோ என்று கண்ணாடிக்காரி எதிர்பார்த்தாள். அவர் முகமோ, சுண்டிப்போவதா சிரிப்பதா என்று தெரியாமல் தவித்தது.

"ஆளாளுக்கு முட்டுக்கொடுத்தா எப்படி? நான் பிரேக் பிடிக்குதுன்னுல நினைச்சேன்! நாலு வருசம் எழுதிக்கொடுத்திருக்கேன்!" என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "இன்னொரு மாசம் சோதிச்சுப் பார்க்க நேரமும் இல்லையே. நாளைக் கழிச்சு வெள்ளிக்கிழமை."

"சோதிக்க வேணாம்," என்றாள் அவள். "நாளைக்கே போய் உள்ளதச் சொல்லுவோம்."

"சொன்னா, இடம் போயிட்டா?"

மகள்தான் பதில் சொன்னாள்: "பொய்யான தொகைல போய்ச் சேர்ந்து, நடுவுல நிக்கிறதுக்கு, சேராமலே இருக்கலாம்பா." தைரியமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய்த் தலையணைப் பக்கத்துப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்லூரியின் உதவி நிதி அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. மறுநாள் அவரும் கண்ணாடிக்காரியும் மகளும் லிஃப்டில் போனார்கள். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது மேலே எங்கோ 'கிர்ர்' என்று சத்தம் கேட்டது. லிஃப்ட்காரரின் காது நிமிர்ந்தது.

"வழிகாட்டிச் சக்கரத்துல ரப்பர் தேஞ்சிருக்கு…"

கண்ணாடிக்காரி அவர் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள். "வந்த வேலைய பாருங்க."

அலுவலகத்தில் சாம்பல் நிற அலமாரிகள், ஒரு நீள மேசை, அதன் பின்னால் தலைமுடியில் பென்சில் செருகிய ஓர் அம்மாள். அவர்தான் நிதி அலுவலர். கையெழுத்துப் போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பேனாவை நீட்டினார். லிஃப்ட்காரர் பேனாவை வாங்காமல் விளக்க ஆரம்பித்தார்: சோதனைச் சுமை, சாதாரணச் சுமை, இரும்புக் கட்டி, பிரேக். அலுவலர் மேசையிலிருந்த காகித எடையைக் கையில் எடுத்து அவர் பேச்சுக்கேற்ப மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். அவருக்குப் புரிகிறது என்று கண்ணாடிக்காரிக்குத் தெரிந்தது. முட்டுக்கொடுத்த கதையை அவளே சொன்னாள்.

"ஆக, வீட்ல மூணு பேரு திருட்டுத்தனமா காசு உள்ள போட்டிருக்கீங்க," என்றார் அலுவலர். "எனக்கு இந்த வேலைல பல வருசம். குறைச்சு எழுதுறவங்கள கூட்டி எழுத வைக்கிறதுக்கே நேரம் சரியா இருக்கும். கூட்டி எழுதிட்டு குறைக்க வந்தவங்கள இப்பத்தான் பார்க்கிறேன். சரி, மூணு பேர் தானா? வேற யாரும் இல்லையே?"

லிஃப்ட்காரர் இருமினார்.

கண்ணாடிக்காரி மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமைல… நண்பர் வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்ல."

"ஆமா. சீட்டாட."

"சீட்டாடல. ஆஸ்பத்திரி கட்டடத்துல லிஃப்ட் வேலை. கூடுதல் கூலி. வந்த பணத்த வழியிலயே வாடகைக்கு குடுத்துட்டு, டப்பாலேருந்து வாடகைய எடுத்த மாதிரி காமிச்சேன். டப்பா காலியாயிடுமோன்னு பயமா இருந்துச்சு. மிச்சத்தப் பார்த்ததும், நான் போட்டது இல்லாமலே தேறியிருக்கும்னு நினைச்சுட்டேன்."

"சோதனை போட்டதே நீங்க!"

"அதான் இன்னும் பயம்."

மகள் முகத்தைக் கையில் மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அலுவலர் பதறிப் பார்த்தார். சிரிப்பு. அலுவலருக்கும் அடக்க முடியவில்லை. தலையிலிருந்த பென்சில் நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் சிரித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இப்ப ஒரு காரியம் பண்ணுங்க." மூன்று துண்டுத் தாள்களைக் கிழித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். "ஒருத்தர் எழுதுறத இன்னொருத்தர் பார்க்கக்கூடாது. நீங்க மூணு பேரும் சேர்ந்து உக்காந்தா ஒருத்தருக்கு ஒருத்தர் முட்டுக்கொடுத்துக்கிட்டே இருப்பீங்க. பஸ்ஸுல போயி, வாங்க வேண்டியத வாங்கி, ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்து, எவ்வளவு முடியும்? அத மட்டும் எழுதுங்க."

கண்ணாடிக்காரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு யோசித்தாள். முன்பணம் இல்லை. மகளுக்குப் பஸ் காசு உண்டு. முட்டையும் ரொட்டியும் விலைக்குத்தான். குழாய் எப்போதாவது ஒழுகத்தான் செய்யும். சமையல்காரரிடம் சொன்னதை நினைத்துக்கொண்டு, தெரிகிற எழுத்தை மட்டும் வாசிப்பதுபோல், கண்ணுக்குத் தெரிகிற தொகையை எழுதினாள். அவர் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வந்தது.

அலுவலர் மூன்று தாளையும் பிரித்து வைத்தார். மகளுடையதுதான் பெரியது, நான்கில் ஒரு பங்கு. அம்மாவுடையது ஐந்தில் ஒன்று. லிஃப்ட்காரர் எழுதியிருந்ததும் ஐந்தில் ஒன்றுதான். இருபது வருடத்தில் இருவரும் கலந்து பேசாமல் ஒரே பதிலைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பொண்ணு இன்னும் நடந்து போறதாத்தான் கணக்கு வெச்சிருக்கா போல," என்றார் அலுவலர்.

"பாதி தூரம்தான்," என்றாள் மகள்.

"அதெல்லாம் இங்க செல்லாது. அஞ்சுல ஒண்ணுன்னு வெச்சுக்குவோம்." அவர் எழுந்தார். "ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். உங்க பழைய தொகைய நம்பித்தான் நிதியில மிச்சத்த ஒதுக்கியிருக்கோம். இப்ப இடைவெளி கூடியிருக்கு. அதுக்குப் பணம் இருக்கான்னு உள்ள கேட்டுட்டு வரேன்."

அவர் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அடுத்து வந்த நேரம் கண்ணாடிக்காரிக்கு வழுக்கிக்கொண்டே போனது, பிடிக்க எதுவும் இல்லாமல். கதவுக்குப் பின்னால் பேச்சு கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. லிஃப்ட்காரர் விரல்களை மடக்கி மடக்கிச் சொடக்கு எடுத்தார். எடுக்க விரல் தீர்ந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் யாரையும் பார்க்காமல், மேசைமேல் இருந்த தன் பெயர் எழுதிய கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது.

"அந்த இடைவெளில முக்கால்வாசிக்குப் பணம் இருக்கு," என்றார் அலுவலர். "மிச்ச கால் பங்குக்கு ஒரு வழி சொல்றாங்க. கீழ அச்சு எடுக்கிற பட்டறை இருக்கு. காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுப்பாங்க. அத கழுவி, காயவெச்சு, வரிசையா அடுக்க ஒரு ஆள் வேணும். வாரத்துல ரெண்டு சாயங்காலம். முதல் வருச மாணவங்களுக்குக் கூலி குடுக்கிற வேலைதான். கூலி நேரா கட்டணத்துல கழியும். கை பூரா வெள்ளையாகும், அவ்வளவுதான்." மகளைப் பார்த்தார். "படிப்புக்கு இடைஞ்சல்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லு. பாஸ் ஆகணுமேன்னு சரின்னு சொல்லாத."

"அந்த அச்சையெல்லாம் நான் கையில எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டாள் மகள். "உள் பக்கம் எப்படி இருக்குன்னு?"

"எடுத்துப் பார்க்காம எப்படிக் கழுவுவ?"

பழைய தாளைக் கிழித்துப் புதுத் தாள் போட்டார்கள். தொகையை எழுத வேண்டிய இடத்தில் லிஃப்ட்காரர் பேனாவை மனைவியிடம் கொடுத்தார். அவள் ஐந்தில் ஒரு பங்கை எழுத்தாலும் எண்ணாலும் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார், அவளும் போட்டாள். அலுவலர் முத்திரையை மையில் அழுத்தி ஓங்கிக் குத்தினார். இடம் உறுதி.

கீழே இறங்கியதும் மகள் பட்டறையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஓடினாள். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது: அலமாரி அலமாரியாக வெள்ளைக் கால்கள், முழங்கால்கள், பாதங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். மேலங்கி போட்ட ஒருவர் ஒரு அச்சைத் திருப்பி அதன் உள்பக்கத்தைக் காட்டி ஏதோ சொல்ல, மகள் குனிந்து, தலையை அதற்குள்ளேயே விட்டுவிடுவாள் போலப் பார்த்தாள். பிறகு கேள்வி கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி.

"உங்க பொண்ணுதான்," என்றாள் கண்ணாடிக்காரி.

"பஸ் போயிடுமே."

"போகட்டும். அடுத்த பஸ் வரும்."

கதவுக்கு எதிரே ஒரு நீள பெஞ்சு இருந்தது. அவர் எதையும் அசைத்துப் பார்க்காமல் பொத்தென்று உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். உள்ளே மகளின் கையில் அதற்குள் யாரோ ஒரு பாதத்தைக் கொடுத்துவிட்டார்கள். மணிக்கட்டு வரைக்கும் வெள்ளையாக, அவள் அதை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள்.